ஐவோ ரன்னமே காலமாகவில்லை

த்ரெனோவோ, பல்கேரியா
14 ஜனவரி 2019

மதிப்பிற்குரிய ஐவோ ரன்னமே அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உறைக்குள் இருந்ததால் அதைக் கடிதம் என்றுதான் சொல்லியாக வேண்டும். "கூட்டுக்குச் சம்மதம். பெட்டி பிப்ரவரியில் வரும். இங்கே பனி." இவ்வளவுதானா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் பனிதான்.

நான் ஸ்த்ராவ்கா பெய்சினோவா. இந்த ஊர் வாசகசாலையில் இருபத்தாறு வருடமாக நூலகர். எஸ்தோனியத் தீவில் இருக்கும் உங்கள் நூலகமும் நாங்களும் இனி ஜோடி என்று மேலிடத்துத் தாள் சொல்கிறது. உங்கள் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பத்து ஆங்கிலப் புத்தகங்களைப் பெட்டியில் அனுப்ப வேண்டும். எங்கள் பிள்ளைகள் படித்துவிட்டுத் தங்கள் பத்தை அனுப்புவார்கள். மே மாதம் உங்கள் பிள்ளைகள் ஆறு பேர் இங்கே, ஆகஸ்டில் எங்கள் ஆறு பேர் அங்கே. நீங்களும் நானும் மட்டும் பள்ளிக்கூடத்தில் நம் தலையில் கட்டிய ரஷ்ய மொழியில் குப்பை கொட்ட வேண்டியதுதான்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கூட்டு எனக்கு உயிர்ப் பிரச்சினை. எங்கள் படிப்பறையைப் பளு தூக்கும் கூடமாக்க வேண்டும் என்று மேயர் பெனெவ் ஒற்றைக் காலில் நிற்கிறார். பளு தூக்கப் போவது அவருடைய அக்கா மகன். "மே இருபத்து நாலு எழுத்துத் திருவிழாவுக்குள்ள இருபது இளவட்டங்கள உறுப்பினரா சேத்துக் காட்டுங்க, ஸ்த்ராவ்கா. இல்லன்னா சாவியக் குடுங்க" என்று ஊர்ச் சபையில் வைத்தே சொல்லிவிட்டார். இன்றைக்கு என்னிடம் இருப்பது நாலு பேர். அதில் ஒருவன் கணப்புச் சூட்டுக்கு வருகிறான்.

அதனால் பெட்டியோடு உங்கள் படம் ஒன்றும் அனுப்புங்கள், அடிப்படை விவரங்களோடு. வாசல் கதவில் ஒட்டுவேன். யாரோ ஒரு மனிதர் அங்கே நமக்காகப் புத்தகம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ஸ்த்ராவ்கா

பின்குறிப்பு: வாய் திறந்து நாலு வார்த்தை எழுதினால் உங்கள் தீவு மூழ்கிவிடாது.

*

கடகா, சாரேமா தீவு
9 பிப்ரவரி 2019

மதிப்பிற்குரிய ஸ்த்ராவ்கா,

பெட்டி அனுப்புகிறேன், இந்தக் கடிதமும் அதற்குள்தான். பத்துப் புத்தகங்கள்.

படமும் இருக்கிறது. எங்கள் லீஸ் எடுத்தாள், வயது பதினாறு. சுற்றிலும் கரை போட்டால் அழகு என்றாள். அச்சுப்பொறியில் கறுப்பு மை மட்டும்தான் உண்டு. பெயர், பிறந்த வருடம் போட்டிருக்கிறாள். கீழே இரண்டு வரி எங்கள் மொழியில்: "படிப்பார். அதிகம் பேசமாட்டார்."

நாளை மறுநாள் அண்ணனின் காட்டுக்கு விறகு வெட்டப் போகிறேன். ஆறு வாரம். அங்கே தபால் இல்லை, தொலைபேசி இல்லை. அதற்காகத்தான் போகிறேன்.

ஐவோ

இது நாலு வார்த்தைக்கு மேல் வந்துவிட்டது.

*

த்ரெனோவோ
12 மார்ச் 2019

கடகா நூலகத்தில் இந்தக் கடிதத்தைப் பிரிக்கும் அன்பருக்கு,

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவருடைய இடத்துக்கு வந்தவராக இருக்கலாம், அவருடைய வீட்டாராக இருக்கலாம். யாராக இருந்தாலும் எங்கள் ஊரின் ஆழ்ந்த அனுதாபத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பித்தப்பை அறுவைக்காக நான் மூன்று வாரம் வார்னாவில் தங்கை வீட்டில் கிடந்தேன். அந்த நேரம் பார்த்துப் பெட்டி வந்திருக்கிறது. எங்கள் வாசகசாலையைப் பெருக்கித் துடைக்கும் ஸ்தோய்னா அக்காதான் பிரித்தாள். மேலாகவே இருந்தது ஐவோ அவர்களின் படம், கறுப்புக் கரையோடு. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. ஒருவர் இறந்தால் அவர் படத்தைக் கறுப்புக் கரையிட்டு, பெயரும் வருடமும் போட்டு, வீட்டுக் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவோம். உங்கள் ஊரிலும் இதே வழக்கம் என்று கண்டு நெஞ்சு நெகிழ்ந்துபோனோம். எங்கிருந்தால் என்ன, மனிதர்கள் மனிதர்கள்தான்.

ஸ்தோய்னா அக்கா முப்பது வருடமாக இந்த ஊரின் எல்லாச் சாவையும் ஒட்டியவள். "படத்தப் பாத்தேன், கறுப்புக் கரையப் பாத்தேன், பசைய எடுத்தேன். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். நான் திரும்பி வந்தபோது கதவடியில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அந்த மனிதரைப் பின்குறிப்பில் திட்டி எழுதியிருந்தேனே. அதை நினைத்து நினைத்து அழுதேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சாகும் தறுவாயிலும் எங்கள் பிள்ளைகளுக்காகப் பத்துப் புத்தகம் கட்டி அனுப்பிய மனிதர் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அதைக் கேட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். முதலில் ரதினா என்ற பதினாறு வயதுப் பெண், அப்புறம் அவள் தோழிகள், இப்போது பதினொரு பேர். புத்தகங்களுக்குள் உங்கள் பிள்ளைகள் செருகிய துண்டுச்சீட்டுகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். "நாற்பதாம் பக்கம் அறுவை, தாண்டிவிடு" என்று ஒன்று. "இங்கே அழுதேன், யாரிடமும் சொல்லாதே" என்று இன்னொன்று. எங்கள் பிள்ளைகள் அதன் கீழேயே பதில் எழுதுகிறார்கள். மேயர் கூட வந்து பார்த்தார். நாற்பதாம் நாள் படைப்பில் படிப்பறைக்கு ஐவோ ரன்னமே பெயரையே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உறைமேல் பிப்ரவரி ஒன்பது என்று போட்ட ஐவோ அவர்களின் கடிதம் பெட்டியின் அடியில் கிடைத்தது. அதைப் பிரிக்க எனக்குத் தெம்பு இல்லை. நாற்பதாம் நாளன்று பிரிப்பேன்.

நல்ல மனிதர். பேசாதவர்கள்தான் எல்லாவற்றையும் நமக்காகச் செய்துவிட்டுப் போகிறார்கள்.

கண்ணீருடன்,
ஸ்த்ராவ்கா பெய்சினோவா

*

கடகா
28 மார்ச் 2019

மதிப்பிற்குரிய ஸ்த்ராவ்கா,

காட்டிலிருந்து திரும்பினேன். உங்கள் அனுதாபக் கடிதத்தைப் பிரித்த அன்பர் நான்தான்.

நான் உயிரோடு இருக்கிறேன்.

இங்கே இறந்தவர்களைக் கதவில் ஒட்டுவதில்லை. அச்சுப்பொறியைப் பற்றி முன் கடிதத்தில் எழுதியிருந்தேன். நீங்கள் அதைப் பிரிக்கவில்லை.

ஊராரிடம் சொல்லிவிடுங்கள். மெழுகுவத்திக்கு நன்றி.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "நல்ல மனிதர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஊரார் சொன்னதா, நீங்கள் சொன்னதா?

ஐவோ

*

த்ரெனோவோ
8 ஏப்ரல் 2019

ஐவோ,

உயிரோடு இருக்கிறாராம். எவ்வளவு அமைதியாகச் சொல்கிறீர்கள், கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது என்பதுபோல.

படம் கேட்டால் படம் அனுப்ப வேண்டியதுதானே. கறுப்புக் கரை யார் கேட்டது? பிறந்த வருடம் யார் கேட்டது? சரி, விவரம் நான்தான் கேட்டேன். ஆனால் ஒரு புன்னகை கூடவா வராது? அந்த முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

நாற்பதாம் நாள் என்ன நடந்தது, கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை. ஸ்தோய்னா அக்கா ஒரு அண்டா கோதுமை வேகவைத்துச் சர்க்கரை தூவி ஊருக்கே கொடுத்தாள். மேயர் நாடா வெட்டி, "ஐவோ ரன்னமே நினைவுப் படிப்பறை" என்று பலகையும் மாட்டிவிட்டார், பித்தளையில். எல்லோரும் தின்று முடித்தபின் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் பழைய கடிதத்தைப் பிரித்தேன். "அச்சுப்பொறியில் கறுப்பு மை மட்டும்தான்." வெளியே பாதிரியார் உங்கள் ஆன்மாவுக்காக இன்னும் பாடிக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்து நீங்கள் உயிரோடு இருக்கும் கடிதமும் வந்து சேர்ந்தது.

ஐவோ, இப்போது இருபத்து மூன்று பேர் வருகிறார்கள். இருபத்து மூன்று. மேயரின் அக்கா மகனும் அதில் ஒருவன், போரில் என்று பெயர். பளுவுக்கு இடம் அளக்க நாடாவோடு வந்தான். ரதினா ஒரு மூலையை அளக்கவிடவில்லை, அங்கே படித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்திருக்கும்வரை காத்திருந்தவன் கையில் கிடைத்த புத்தகத்தைப் புரட்டினான். மீன் பிடிக்கும் கிழவர்கள் பற்றிய உங்கள் தடிப் புத்தகம். மறுநாளும் வந்தான், நாடா இல்லாமல்.

நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்தால் மேயர் என்ன சொல்வார்? "சாவ வச்சு ஆள் சேத்துட்டீங்க, எல்லாம் மோசடி" என்பார். அவர் ஊருக்கு முன்னால் நாடா வெட்டியவர், அவமானம் தாங்கமாட்டார். சாவி போய்விடும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். விழாவுக்கு மறுநாள், இருபத்தைந்தாம் தேதி, சபையில் ஓட்டெடுப்பு. அதுவரைக்கும் தயவு செய்து செத்திருங்கள். ஆறு பிள்ளைகளோடு நீங்கள் வரும்போது உங்கள் தம்பி என்று சொல்லிக்கொள்ளலாம். ஜாடை பொருந்தும்.

"நல்ல மனிதர்" என்று சொன்னது நான்தான். இப்போது திரும்ப யோசிக்கிறேன்.

ஸ்த்ராவ்கா

*

கடகா
17 ஏப்ரல் 2019

ஸ்த்ராவ்கா,

எனக்குத் தம்பி இல்லை. அண்ணன்தான். அவர் என்னைவிட வழுக்கை.

நான் பொய் சொல்வதில்லை. இது பெருமை இல்லை, எனக்கு வராது. ஒருமுறை தாமதக் கட்டணத்தில் ஒரு பாட்டிக்காகப் பொய் சொன்னேன். ஒரு வாரம் தூக்கம் இல்லை.

பிள்ளைகளோடு லீஸின் அம்மாவை அனுப்புகிறேன். நான் வரவில்லை.

ஐவோ

*

த்ரெனோவோ
25 ஏப்ரல் 2019

மதிப்பிற்குரிய ஐவோ ரன்னமே அவர்களுக்கு,

சரி. வர வேண்டாம். இங்கே மழை.

ஸ். பெய்சினோவா

*

கடகா
4 மே 2019

அன்புள்ள ஸ்த்ராவ்கா,

உங்கள் கடிதம் மூன்று வரி. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை. அது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

அதனால் நீளமாக எழுதுகிறேன். இது மூன்றாவது படி. முதல் இரண்டையும் அடுப்பில் போட்டேன்.

எங்கள் ஊரில் யாரும் யாரைப் பற்றியும் நல்லதாகச் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறோம். என் ஐம்பதாவது பிறந்த நாளுக்கு யாரும் வரவில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை. அது வசதியாகத்தான் இருந்தது. பிறகு உங்கள் அனுதாபக் கடிதம் வந்தது. முன்பின் தெரியாத ஊரில் எனக்காகக் கோதுமை வேகவைத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் எடுத்துப் படிக்கிறேன். அன்றைக்கு இங்கே யாரும் வருவதில்லை.

லீஸிடம் நான் வரவில்லை என்றேன். "நீங்க வரலன்னா நாங்களும் போகல. உங்க படிப்பறைய நீங்களே பாக்கலன்னா எப்படி?" என்றாள். இவளுக்கு அந்த அறையைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தாள்.

வருகிறேன். பொய் சொல்லமாட்டேன். ஆனால் பேசாமல் இருப்பேன். அதில் எனக்கு ஐம்பத்தைந்து வருடப் பழக்கம் உண்டு. பின்வரிசையில் உட்காருகிறேன். தொப்பி போட்டுக்கொள்கிறேன்.

ஐவோ

*

கடகா
28 மே 2019

ஸ்த்ராவ்கா,

உங்கள் காரியத்தைக் கெடுத்துவிட்டேன்.

பேசாமல் இருக்கத்தான் வந்தேன். ஒரு மணி நேரம் இருந்தேன். மேயர் மேடையில் என் படத்தைக் காட்டி, "இவரு மனுஷங்கள நேசிச்சவரு" என்றார் என்று பக்கத்தில் இருந்தவர் ரஷ்ய மொழியில் சொன்னார். அது உண்மையில்லை. எனக்கு மனிதர்களைக் கண்டால் பயம். அதற்குப் பிறகு மேயர் அழுதார். நிஜமாகவே அழுதார், கைக்குட்டை நனைந்தது. என்னால் உட்கார முடியவில்லை. ஒருவர் எனக்காக அழும்போது நான் பின்வரிசையில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அசிங்கம்.

எழுந்து, "மன்னிக்க வேண்டும், நான் உயிரோடு இருக்கிறேன்" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. நீங்களும் வந்து கண்ணாடியைத் தட்டினீர்கள். நான் அதைக் கீழே இறக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை.

பிள்ளைகளிடம் வழி முழுக்க எதுவும் கேட்கவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அந்த வயதில் எதற்கும் சிரிப்பு வரும்.

மறுநாள் சபையில் அறை போயிருக்கும். எங்கள் பத்துப் புத்தகங்களை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் உங்கள் பிள்ளைகள் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஐவோ

*

த்ரெனோவோ
6 ஜூன் 2019

என் அருமை முட்டாள் ஐவோ,

கண்ணாடியை இறக்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. நானும் ஸ்தோய்னா அக்காவும் தட்டித் தட்டிக் கை சிவந்ததுதான் மிச்சம். வாயில் என்ன கொழுக்கட்டையா, ஒரு வார்த்தை கேட்க முடியாதா? பிள்ளைகளிடமாவது கேட்டிருக்கலாம். மூவாயிரம் கிலோமீட்டர் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்.

நீங்கள் ஓடிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மேயர் கைக்குட்டையைப் பிடித்தபடி படத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நாங்க யாருக்குக் கோதுமை தின்னோம்?" என்று கேட்டார். நான் எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தேன். அதற்குள் ரதினா எழுந்துவிட்டாள்.

"ஸ்த்ராவ்கா அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்க. எங்களுக்கு மொத நாளே தெரியும்" என்றாள்.

மேயர், "என்ன தெரியும்?" என்றார்.

"அவரு சாகலன்னு. துண்டுச்சீட்டுல லீஸ் தன்னோட நம்பர எழுதி வச்சிருந்தா. பாவம், அனுதாபம் சொல்லலாமேன்னு அன்னிக்கே கூப்பிட்டேன். 'யாரு செத்தா? காட்டுல விறகு வெட்டறாரு'ன்னு சிரிச்சா."

ஐவோ, மூன்று வாரம் தெரியாமலும் ஏழு வாரம் தெரிந்தும் நான் தவித்து அலைந்திருக்கிறேன். இருபத்து மூன்று பேருக்கும் தெரியும். உங்கள் ஆறு பேருக்கும் தெரியும். தினமும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், நம் இருவரைப் பற்றியும்தான். இந்த உலகத்தில் ரகசியம் காத்துக்கொண்டிருந்தது நாம் இரண்டு பேர் மட்டும்.

"அப்பறம் ஏண்டி சொல்லல?" என்று நானே கத்திவிட்டேன்.

"சொன்னா நீங்க கதவுலருந்து படத்தக் கிழிப்பீங்க, மேயர் ரூமப் பூட்டுவாரு. நாங்க எங்க போறது? செத்தவருக்காகவா இங்க வந்தோம்? லீஸ் நாப்பதாம் பக்கம் அறுவைன்னு எழுதியிருந்தா. படிச்சுப் பாத்தேன், அதுதான் இருக்கறதுலயே நல்ல பக்கம். அத அவகிட்ட சண்ட போட்டுச் சொல்லத்தான் மறுநாள் வந்தேன். இன்னும் சண்ட முடியல" என்றாள். தோழி ஒருத்தி காதில் மொழிபெயர்க்க, உங்கள் லீஸ் முன்வரிசையிலிருந்து கையைத் தூக்கி, "அறுவைதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

மேயர் சிரிக்கவில்லை. "இது மோசடி. நாளைக்கு ஓட்டெடுப்புல பாத்துக்கறேன். போரில், நீ பளுவ எடுத்துட்டு வா" என்றார். நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

போரில் எழுந்தான். அவன் எழுந்தால் ஜன்னல் மறைந்துவிடும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். "மாமா, பளுவ எங்க வேணாலும் தூக்கலாம். எனக்கு இன்னும் அறுபது பக்கம் இருக்கு. அந்தக் கிழவனுக்கு மீன் கெடச்சுதான்னு தெரியாம நான் இங்கருந்து நகரமாட்டேன்" என்றான். மேயர் உட்கார்ந்துவிட்டார். அக்கா மகனுக்காகத்தானே இவ்வளவும். அவனே வேண்டாம் என்ற பிறகு யாருக்காக மல்லுக்கட்டுவது?

மறுநாள் சபையில் ஒன்பது பேரும் கையைத் தூக்கினார்கள், மேயரும்தான். படிப்பறை நம்முடையது. சாவி என் கழுத்தில் தொங்குகிறது, பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். "அழுதது அழுததுதான். ஆனா பலகைய மாத்தமாட்டேன், பித்தளை" என்று மேயர் சொல்லிவிட்டார். ஆக நீங்கள் நினைவுப் படிப்பறைதான், உயிரோடு. கதவிலிருந்து உங்கள் படத்தை எடுக்கவும் ஸ்தோய்னா அக்கா சம்மதிக்கவில்லை. "ஒரு அண்டா கோதுமை போட்டிருக்கேன், அது அங்கயே இருக்கட்டும்" என்கிறாள். மனிதர்களைக் கண்டால் பயமாம். வந்து கதவைப் பாருங்கள், எத்தனை பேர் போகும்போதும் வரும்போதும் உங்களுக்கு வணக்கம் வைக்கிறார்கள் என்று.

ஆகஸ்ட் எட்டாம் தேதி ஆறு பிள்ளைகளோடு வருகிறேன். போரிலும் வருகிறான், அந்த மீன் கிழவர்களை நேரில் பார்க்க வேண்டுமாம். வண்டிக் கண்ணாடியை இறக்கி வையுங்கள்.

ஸ்த்ராவ்கா

பின்குறிப்பு: "நல்ல மனிதர்" விஷயத்தை மறுபடி யோசித்துப் பார்த்தேன். முதலில் சொன்னதே சரி.

*

கடகா
19 ஜூன் 2019

அன்புள்ள ஸ்த்ராவ்கா,

மகிழ்ச்சி.

இன்று காலை நூலகம் திறக்க வந்தபோது கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உங்கள் படம். மேடை ஓரத்தில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். லீஸ் விழாவன்று எடுத்ததாம். சுற்றிலும் பச்சைக் கரை. அச்சுப்பொறியில் இன்னும் கறுப்பு மைதான் இருக்கிறது. கரையைக் கையால் வரைந்திருக்கிறார்கள், மூன்று பென்சில் தீர்ந்துவிட்டது.

கீழே இரண்டு வரி: "படிப்பார். அதிகம் பேசுவார்."

ஊரார் நின்று பார்த்தார்கள். கடைக்கார அம்மா, யார் இது, செத்துவிட்டாரா என்று கேட்டார். இல்லை, வருகிறார் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். நான் பதில் சொன்னதற்காக.

பேனாவை எடுத்து மூன்றாவதாக ஒரு வரி நானே எழுதினேன்: "காத்திருக்கிறோம்."

ஐவோ